அத்தை வருகிறார், ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும்

"லீவுக்கு வர்றேன்ப்பா, ஊரைச் சுத்திக் காட்டு" என்று அத்தையிடமிருந்து போன் வந்தபோது எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. மூன்று நாள், ஒன்பது இடம் என்று பட்டியல் போட்டேன். இரண்டாம் நாள் மதியம் ஒரு மணிக்கு, நிழலே இல்லாத ஒரு பெரிய திடலின் நடுவில் அவருக்குத் தலை சுற்றியது. கைத்தாங்கலாகப் பிடித்துச் சுவரோரமாக உட்காரவைத்தேன். "ஒண்ணுமில்ல, நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார். நான் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? அவருக்காகத்தான் வந்திருந்தோம். மீதி இருந்த இடங்களை அன்று இரவே விட்டுவிட்டோம்.

அதன்பிறகு வந்த கோடைகளில் சித்தி, மாமா, அவர்களின் பிள்ளைகள், மறுபடியும் அத்தை என்று நிறையப் பேர் வந்துபோய்விட்டார்கள். ஒவ்வொரு முறையும் பட்டியல் சிறியதானது, பயணம் நன்றாக அமைந்தது. முதல் முறையாகத் தன் ஊரை ஒருவருக்குக் காட்டப்போகிறவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன். எந்த ஊராக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். எங்கே போவது என்பதை ஊரின் புகழ் முடிவு செய்யக் கூடாது. வந்தவரின் கால்களும் அன்றைய வெயிலும் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வருகிறவரிடம் பேசுங்கள்

"என்ன பாக்கணும்?" என்று கேட்டால் "எதுன்னாலும் சரி" என்றுதான் பதில் வரும். நம்மைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற எண்ணம் அவர்களுக்கு. அதனால் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்விகளாகக் கேளுங்கள். உட்காராமல் எவ்வளவு நேரம் நடக்க முடியும்? படி ஏறுவதில் சிரமம் உண்டா, இறங்குவதில் உண்டா? முழங்கால் வலி இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இறங்குவதுதான் கடினம். காலையில் எத்தனை மணிக்கு எழுவார்? மதியம் படுக்கிற பழக்கம் உண்டா? எந்த நேரத்தில் மாத்திரை? கடைசியாகப் போன பயணத்தில் எது பிடிக்கவே இல்லை?

இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் உதவும். பிடித்ததைச் சொல்லத் தயங்குகிறவர்கள்கூடப் பிடிக்காததைத் தயங்காமல் சொல்வார்கள். "வரிசையில நின்னே கால் போச்சு" என்று ஒருவர் சொன்னால், உங்கள் ஊரில் மிக நீண்ட வரிசை நிற்கும் இடம் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் அதைத் தள்ளிவைக்கலாம்.

இன்னொன்றும் கேளுங்கள்: "இந்த ஊர்ல நீங்க பேரு மட்டும் கேட்டு, பாக்காத இடம் ஏதாவது இருக்கா?" அத்தை இரண்டாம் முறை வருவதற்கு முன் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம், "உங்கப்பா மொதல்ல குடியிருந்தாரே, அந்த வீடு" என்றார். கதவு எண், தெருப்பெயர், பின்கோடு எல்லாம் ஒப்பித்தார். பதினோரு வருடம் அந்த முகவரிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் எந்தச் சுற்றுலாப் பட்டியலும் அதை எனக்குச் சொல்லியிருக்காது.

அடுத்து, நீங்களே ஒரு முறை சுற்றுலாப் பயணியாகப் போய் வாருங்கள்

இருபது வருடம் ஓர் ஊரில் இருந்துவிட்டு அங்குள்ள அருங்காட்சியகத்துக்குள் ஒருமுறைகூடப் போகாதவர்கள் ஏராளம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதாலேயே போகாமல் இருந்துவிடுகிறோம். எனவே விருந்தினர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, உங்கள் ஊரின் சுற்றுலாத் துறைப் பக்கத்தையும் வரைபடத்தையும் வெளியூர்க்காரர் போலப் பாருங்கள். நீங்கள் பார்க்காத இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே பார்க்காமல் விட்டுவையுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் முதல் முறை பார்க்கிற இடத்தில் யாரும் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கட்டாயம் போகப்போகிற முக்கியமான இடத்துக்கு மட்டும் ஒத்திகையாக ஒரு முறை போய் வாருங்கள். விருந்தினரோடு எந்த நேரத்தில் போவீர்களோ, அதே நேரத்தில் போக வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பார்த்துவிட்டு "நல்ல நிழல்" என்று முடிவு செய்தால், காலை பதினொரு மணிக்கு அங்கே நிழல் இருக்காது.

ஒத்திகையில் கவனிக்க வேண்டியவை இவை. வார விடுமுறை எந்த நாள்? உலகத்தில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆனால் பாரிஸின் லூவர் திங்கட்கிழமை திறந்திருக்கும், செவ்வாய்தான் மூடியிருக்கும். ஊகிக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூடும் நேரம் வேறு, கடைசி நுழைவு நேரம் வேறு. பல இடங்களில் மூடுவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். பையை உள்ளே விடுவார்களா, தண்ணீர் பாட்டிலை விடுவார்களா? செருப்பைக் கழற்ற வேண்டிய இடமானால் தரை கல்லா? வெயிலில் காய்ந்த கல்தரையில் பத்தடி வைப்பதே வயதானவர்களுக்குத் தண்டனை. கோபுரமோ மாடமோ இருந்தால் எத்தனை படி, நடுவில் உட்கார இடம் இருக்கிறதா, மேலே ஏறாமல் கீழே காத்திருப்பவருக்கு நிழலில் ஓர் இருக்கை கிடைக்குமா?

எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறை. எங்கே இருக்கிறது, சுத்தமாக இருக்கிறதா, மேற்கத்தியக் கழிப்பறையா, எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்று பார்த்து வையுங்கள். வெளியூரில் கழிப்பறை கிடைக்காதோ என்ற பயத்தில் பெரியவர்கள் பலர், குறிப்பாகப் பெண்கள், தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். கோடையில் இதைவிட ஆபத்தான பழக்கம் இல்லை. "அங்க நல்ல டாய்லெட் இருக்கு அத்தை, நான் பாத்துட்டேன்" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்.

நாளை வெயில் பார்த்துப் பிரியுங்கள்

கோடையில் ஒரு நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விடியலிலிருந்து சுமார் பத்து மணி வரை திறந்தவெளி. பத்திலிருந்து நாலரை வரை கூரைக்குக் கீழே, அதில் ஒரு பகுதி வீட்டில் ஓய்வு. மாலையில் மறுபடியும் வெளியே.

சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில்தான் புற ஊதாக் கதிர்கள் உச்சத்தில் இருக்கும். ஆனால் காற்றின் வெப்பம் உச்சத்தைத் தொடுவது அதற்கும் பிறகு, பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு மணிக்குள். தரை காய்ந்து அந்தச் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்க நேரம் பிடிக்கிறது. அதனால் "உச்சி வெயில் போயிருச்சு, கிளம்பலாம்" என்று இரண்டரை மணிக்குப் புறப்படுவது தவறான கணக்கு. கடிகாரம் பார்க்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர்கள் கடுமையாக இருக்கின்றன என்று பொருள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக்கொடுத்தால் அவர்களே நிழலை அளந்து நம்மை உள்ளே இழுப்பார்கள்.

நகரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பகலில் வாங்கிய சூட்டைக் கல்லும் தாரும் சிமெண்டும் இரவு வரை வைத்திருந்து வெளியே விடும். இதை முதலில் அளந்து எழுதியவர் லூக் ஹோவர்ட். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டன் நகரத்தின் இரவுகள் சுற்றியிருந்த நாட்டுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதைத் தன் குறிப்புகளில் காட்டினார். மேகங்களுக்கு இன்றும் நாம் பயன்படுத்தும் லத்தீன் பெயர்களை 1802-இல் வகுத்தவரும் அவர்தான். தொழிலால் மருந்து தயாரிப்பவர். அவர் சொன்னதிலிருந்து நமக்கு வேண்டியது இது: மாலை ஐந்து மணிக்குப் போக வேண்டிய இடம் மரம் அல்லது தண்ணீர் உள்ள இடம். பூங்கா, ஆற்றங்கரை, ஏரிக்கரை, கடற்கரை. கல் பாவிய சதுக்கத்தையும் கோட்டை மதிலையும் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; இரவெல்லாம் ஆறி அப்போதுதான் அவை குளிர்ந்திருக்கும்.

தெருவில் நடக்கும்போதும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வடக்குத் தெற்காக ஓடும் தெருவில் காலையில் கிழக்கு ஓரமாக நடந்தால் அந்தப் பக்கத்துக் கட்டடங்களின் நிழல் கிடைக்கும். மாலையில் மேற்கு ஓரம். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் காலை, மாலை இரு வேளையும் வெயில் நேராகவே அடிக்கும். நடைக்கான தெருவைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்துக்கொண்டால், அதே தூரம் பாதித் தூரமாகத் தெரியும்.

சரி, ஒரு நாளைக்கு எத்தனை இடம்? பெரிதாக ஒன்று, சிறிதாக ஒன்று. அவ்வளவுதான். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். "இவ்வளவு தூரம் வந்திருக்காங்க, இன்னும் ரெண்டு காட்டலாமே" என்று தோன்றும். காட்டலாம்தான். மூன்றாவது இடத்தில் அவர்கள் சுற்றிப் பார்க்க மாட்டார்கள், உட்கார இடம் தேடுவார்கள். ஐந்து நாள் தங்குகிறார்கள் என்றால் நடுவில் ஒரு நாள் எங்கேயும் போகாத நாளாக இருக்கட்டும். புதிய வெப்பத்துக்கு உடல் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். குளிர்ந்த இடத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதல் இரண்டு நாளை மிக லேசாக வையுங்கள்.

அருங்காட்சியகத்தைப் பார்க்கும் விதம்

வெயில் நேரத்துக்கு அருங்காட்சியகம் போல் வேறு இடம் இல்லை. கூரை, நிழல், பல இடங்களில் குளிர்சாதனம். ஆனால் அதற்குள்ளும் ஒரு களைப்பு காத்திருக்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் இதைப் பற்றி எழுதினார். ஒருவரைக் காட்சிப் பெட்டிகளுக்கு முன் நிறுத்தி, உள்ளே இருக்கும் பொருள்களைப் பற்றிய எளிய கேள்விகளுக்குப் பார்த்துப் பதில் சொல்லச் சொன்னார். அந்த மனிதர் குனிவதையும் எக்குவதையும் மடங்குவதையும் புகைப்படம் எடுத்தார். பொருள்களை வைத்திருக்கும் விதமே பார்வையாளரின் உடலைச் சோர்வாக்குகிறது என்பதுதான் அவர் காட்டியது. பார்வையாளர்களின் கவனம் ஏறக்குறைய முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு குறையத் தொடங்குவதைப் பிற்காலத்து ஆய்வுகள் கண்டன.

அதனால் முதல் அறையிலிருந்து வரிசையாகத் தொடங்காதீர்கள். அப்படிச் செய்தால் வாசலில் இருக்கும் கல்வெட்டுகளிலேயே மொத்தத் தெம்பும் தீர்ந்துவிடும். நுழைவில் வரைபடத்தை வாங்கி, விருந்தினரிடம் கொடுத்து, மூன்று அறைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நேராக அங்கே போங்கள். துணியில் ஆர்வம் உள்ளவர் துணி அறைக்குப் போகட்டும், நாணயம் பிடித்தவர் நாணய அறைக்குப் போகட்டும். ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். வேண்டுமானால் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மறுபடி உள்ளே போகலாம்.

நான் ஒவ்வொரு முறையும் செய்கிற ஒன்று இருக்கிறது. "இதுல ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்னா எதை எடுப்பீங்க?" என்று உள்ளே நுழையும்போதே கேட்டுவிடுவேன். வெளியே வரும்போது பதில் சொல்ல வேண்டும். கேள்வி மனதில் இருப்பதால் அவர்கள் பார்க்கிற விதமே மாறிவிடுகிறது. அத்தை தேர்ந்தெடுத்தது ஒரு பழைய மர அளவுப்படி. விளிம்பு தேய்ந்திருந்தது. தன் அம்மா கையில் இருந்த படியும் அதே இடத்தில்தான் தேய்ந்திருந்தது என்றார். பாட்டியைப் பற்றி நான் அதுவரை கேள்விப்படாத நாலு கதைகள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோது வந்தன. ஓவியங்களுக்கு முன் நான் அளந்து வைத்திருந்த விளக்கங்கள் ஒன்றும் தேவைப்படவில்லை.

மே 18 உலக அருங்காட்சியக நாள், 1977-இலிருந்து நடக்கிறது. அந்த நாளில் பல இடங்களில் நுழைவு இலவசம் அல்லது தனி நிகழ்ச்சிகள் இருக்கும். அந்த வாரத்தில் விருந்தினர் வந்தால் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். கூட்டமும் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அருங்காட்சியகம் பிடிக்காதவர்களுக்கு மதிய நேரத்தில் பெரிய நூலகம், பழைய ரயில் நிலையத்தின் உள்கூடம், கோளரங்கம், மீன் காட்சியகம் எல்லாம் நல்ல இடங்கள்தான்.

போக வர

கார் வைத்திருந்தாலும் ஒரு நாளாவது பேருந்திலோ ரயிலிலோ கூட்டிப் போங்கள். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு உங்கள் ஊர்ப் பேருந்தே காட்சிதான். கூட்டம் இல்லாத நேரத்தில், ஒரு முனையில் ஏறி மறுமுனை வரை போய்த் திரும்புங்கள். ஜன்னல் ஓரத்தில் அவர்கள், பக்கத்தில் நீங்கள். நிழல் விழும் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். நாள் முழுவதும் செல்லும் ஒரே டிக்கெட் உங்கள் ஊரில் உண்டா என்று விசாரியுங்கள். படகுப் போக்குவரத்து இருந்தால் கட்டாயம் போங்கள். அலுவலக நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

காரில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. "ரெண்டே நிமிஷம், டிக்கெட் வாங்கிட்டு வந்துடறேன்" என்று குழந்தையையோ தூங்கும் பெரியவரையோ காரில் விட்டுப் போகாதீர்கள். மாத்திரைகளையும் காரில் வைக்காதீர்கள்.

உடம்பு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். அத்தைக்குத் தலை சுற்றிய அன்று எனக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

வயது ஏற ஏறத் தாகம் எடுக்கும் உணர்வு மங்குகிறது. உடம்புக்குத் தண்ணீர் தேவைப்படும், ஆனால் தாகம் தெரியாது. அதனால் "தண்ணி வேணுமா?" என்று கேட்காதீர்கள், "வேண்டாம்" என்பார்கள். நீங்கள் குடிக்கும்போது அவர்களுக்கும் ஊற்றிக் கொடுங்கள். வெயிலில் நடக்கும்போது 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கோப்பை என்பது நல்ல அளவு. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் தண்ணீரின் அளவைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம்; அப்படியானால் அதுதான் கணக்கு, வெளியே இருக்கும் நேரத்தை நீங்கள் குறைத்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் வெளியேற்றும். அவர்களுக்கு உடலில் நீர் சீக்கிரம் வற்றும்.

தலைசுற்றல், குமட்டல், தலைவலி, அதிகமான வியர்வை, தசைப்பிடிப்பு, சோர்வு: இவை வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள். உடனே நிழலுக்கோ குளிர்ந்த அறைக்கோ கூட்டிப் போங்கள். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி, உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறிவிட்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பேச்சு குழறுவது, இடம் நேரம் புரியாமல் உளறுவது, மயங்குவது, வலிப்பு, உடம்பு நெருப்பாகச் சுடுவது என்றால் அது வெப்ப வாதம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நிலை; உயிருக்கே ஆபத்து. முதலில் ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக உடம்பைக் குளிர்வியுங்கள்: தண்ணீரை உடம்பில் ஊற்றலாம், கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வைக்கலாம், விசிறலாம். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நீங்கள் போகும் இடத்துக்கு அருகில் எந்த மருத்துவமனை என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள்.

பையில் நான் வைத்துக்கொள்பவை: ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், குடை, பருத்தித் துண்டு, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கையில் விரித்து விசிறும் விசிறி, விருந்தினரின் மாத்திரை அட்டையும் அதன் புகைப்படமும், லேசான ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. வெயில் காப்புக் களிம்பு பூசுபவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். புதுச் செருப்பு போட்டு வந்தால் முதல் நாளே பழைய செருப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். எத்தனையோ பயணங்களை வெயிலைவிடக் கால் கொப்புளம்தான் கெடுத்திருக்கிறது.

பட்டியலில் இல்லாத இடங்கள்

விருந்தினர் ஊருக்குத் திரும்பிய பிறகு எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். நினைவுச்சின்னத்தைப் பற்றி ஒரு வரி வரும். "அவன் தினமும் ஏறுற பஸ் ஸ்டாப்பைப் பாத்தேன்" என்று பத்து நிமிடம் பேசுவார்கள். நீங்கள் வேலை செய்யும் கட்டடம், உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் வாசல், நீங்கள் காலையில் நடக்கும் பாதை, மனசு சரியில்லாதபோது போய் உட்காரும் பெஞ்ச் எல்லாமே அவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடங்கள். போனில் கேட்டுக் கேட்டுக் கற்பனையில் வைத்திருந்ததற்கு இப்போது ஓர் உருவம் கிடைக்கிறது. இனி நீங்கள் போனில் "பஸ் ஸ்டாப்புல நிக்கறேன்" என்று சொன்னால் அவர்களுக்கு அந்த மரம்கூடத் தெரியும்.

ஆகவே ஒரு முழுக் காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். மற்ற இடங்களுக்கு நடுவே "அப்படியே போற வழியில" என்று நுழைக்காதீர்கள்.

ஒரு நாள் வழிகாட்டியாக இருப்பதிலிருந்து நீங்கள் ஓய்வு எடுத்துக்கொள்வதும் நல்லது. ஊரின் வரலாறு தெரிந்தவர்கள் நடத்தும் நடைகள் பல நகரங்களில் உண்டு. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007-இல் டொரண்டோவில் தொடங்கிய 'ஜேன்ஸ் வாக்' இப்போது பல நாடுகளில் மே மாதத்தின் தொடக்க நாள்களில் நடக்கிறது. அந்தந்தப் பகுதியில் வாழ்பவர்களே இலவசமாக நடத்துவது. வழக்கமாகப் பூட்டியிருக்கும் கட்டடங்களைச் சில நாள்களுக்கு மக்களுக்குத் திறந்துவிடும் 'ஓப்பன் ஹவுஸ்' லண்டனில் 1992-இல் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவியிருக்கிறது. உங்கள் ஊரில் இதுபோல என்ன நடக்கிறது என்று தேடுங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடியும் நடையாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குத் தொடங்குவதைக் கோடையில் விட்டுவிடலாம்.

சின்னச் சின்ன விஷயங்கள்

செலவை முதல் நாளே பேசிவிடுங்கள். ஒவ்வொரு டிக்கெட் ஜன்னலிலும் இருவரும் பர்ஸைத் திறந்து மல்லுக்கட்டுவது யாருக்கும் நல்லதில்லை. "டிக்கெட் எல்லாம் நான் பாத்துக்கறேன், ஒரு நாள் சாப்பாடு உங்களோடது" என்பது போல ஒன்றைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் மரியாதையாக இருக்கும்.

பசி எடுக்கும் முன்பே சாப்பிடுங்கள். மதியச் சாப்பாடு மதிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதற்காக ஊரின் அடுத்த முனைக்குப் போகாதீர்கள்.

உங்கள் முகவரியையும் போன் எண்ணையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் பையில் வையுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று ஒவ்வோர் இடத்திலும் நுழையும்போதே ஓர் அடையாளம் சொல்லிவிடுங்கள். போன் பேட்டரி எப்போது தீரும் என்று யாருக்குத் தெரியும்.

சாலையைக் கடக்கும்போது அவர்கள் வேகத்துக்கு நடங்கள். நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பல நாடுகளில் சிக்னல் நேரத்தை வகுக்கிறார்கள். வயதானவர்களில் பலருக்கு அந்த வேகம் வராது. பச்சை விளக்கு பாதி ஓடியிருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள்.

புகைப்படத்தில் நீங்களும் இருங்கள். எடுப்பவராகவே இருந்துவிட்டால், அவர்கள் ஊருக்குப் போய் யாரோடு போனார்கள் என்று காட்டுவதற்கு ஒரு படம்கூட இருக்காது.

திட்டமிட்ட இடம் மூடியிருந்தால் வருத்தப்பட்டுக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்திலேயே, கூரையுள்ள மாற்று இடம் ஒன்றை முன்பே முடிவு செய்து வையுங்கள். உங்கள் முகம் வாடினால், தான் வந்ததால்தான் இவனுக்குச் சிரமம் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

கடைசி நாள்

விட்டுப்போன இடங்களையெல்லாம் கடைசி நாளில் திணிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். உளவியலாளர் டேனியல் கானெமானும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கையை 14 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் வைத்திருப்பது ஒன்று. அதே ஒரு நிமிடத்துக்குப் பிறகு கூடுதலாக அரை நிமிடம் வைத்திருந்து, அந்த நேரத்தில் தண்ணீரை 15 டிகிரிக்கு லேசாகச் சூடாக்குவது இன்னொன்று. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது, நீண்ட நேரம் அவதிப்பட வேண்டிய இரண்டாவதையே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததுதான் காரணம். ஒரு பயணத்தின் கடைசி நாளுக்கும் இது பொருந்தும் என்று நான் நம்புகிறேன். பெட்டி கட்டும் அவசரமும் வெயிலும் சேர்ந்தால், முந்தைய நாலு நாளின் இனிமையும் அதில் கரைந்துவிடும்.

கடைசி நாளில் புதிய இடம் வேண்டாம். அவர்களுக்கு மிகப் பிடித்த இடம் எதுவோ, அங்கேயே இன்னொரு முறை மாலையில் கூட்டிப் போங்கள். பெட்டியை மதியமே கட்டி முடித்துவிடுங்கள்.

அத்தையிடம் கேட்டேன். அந்த வீட்டுக்கே மறுபடி போகலாம் என்றார். இரண்டாம் நாள் காலையில் போனபோது வீடு பூட்டியிருந்தது. தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தோம். இந்த முறை மாலை ஆறு மணி. இப்போது அங்கே குடியிருக்கிறவர் வெளியே நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கேட்டைத் திறந்துவிட்டார். அத்தை உள்ளே போகவில்லை. கேட்டின் உட்புறத்தில் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த தபால் பெட்டியின் மூடியைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். "இதுலதான் விழுந்திருக்கு எல்லாம்" என்றார்.